லைன் லீடர் வேலையும் ஞாயிற்றுக்கிழமைப் படபடப்பும்

கேள்வி கேட்டவர் ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண், வயது 24. டிப்ளமோ முடித்துவிட்டு, எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறார். போன வருஷம் ஆபரேட்டராக இருந்தவரை லைன் லீடர், அதாவது ஒரு உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாளர், ஆக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து தூக்கம் கெட்டுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது, அம்மாவிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறேன் என்கிறார். "கூட இருக்கிறவங்க எல்லாம் சமாளிக்கிறாங்க, எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் பலவீனமானவளா? டாக்டர்கிட்ட போனா கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமா? பேசாம வேலையை விட்டுடட்டுமா?" இதுதான் அவர் கேட்டது.

தங்கச்சி, நீங்கள் பலவீனமானவர் இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், அப்புறம் தடாவைத் தாண்டியும் தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலராகப் பல வருஷம் இருந்திருக்கிறேன். என் அறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதவர்களில் லைன் லீடர்கள்தான் அதிகம். ஒவ்வொருவரும் உங்களைப் போலவே, "மத்தவங்க எல்லாம் நல்லா சமாளிக்கிறாங்க, நான்தான்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த "மத்தவங்க" போன மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையே சொல்லியிருப்பார்கள் என்று நான் வெளியே சொல்ல முடியாது. நன்றாக வேலை செய்கிற, லீவு போடாத, எதிர்த்துப் பேசாத பிள்ளையாகப் பார்த்துத்தான் லைன் லீடர் ஆக்குகிறார்கள். அதனால் அந்த இடத்தில் உடைந்து போகிறவர்கள் பெரும்பாலும் நல்ல தொழிலாளிகள்தான்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஏ ஷிஃப்ட், காலை ஆறு மணிக்கு லைன் ஓட வேண்டும். ஐந்தே முக்காலுக்கு நீங்கள் உள்ளே போகும்போதே தெரிகிறது, மூன்று பேர் வரவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி வீட்டில் சாவு, மூன்றாவது ஆள் ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசரிடம் ஆள் கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறார். டார்கெட் மட்டும் அப்படியே இருக்கிறது. ஏழு மணிக்கு லைன் முனையில் தொங்கும் பலகையில் அந்த மணிக்கான எண்ணிக்கையை எழுத வேண்டும். 120 வர வேண்டிய இடத்தில் 98. குறைந்தால் சிவப்பு மார்க்கர். அதை உங்கள் கையாலேயே எழுதுகிறீர்கள். எட்டு மணிக்கு மறுபடியும் சிவப்பு. நடுவில் ஒரு பெண் பாத்ரூம் போகக் கை தூக்குகிறாள். மாற்றி உட்கார ரிலீவர் இல்லை, நீங்களே அவள் ஸ்டேஷனில் உட்கார்கிறீர்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் லைனின் மறுமுனையில் ரிஜெக்ஷன், அதாவது தரமில்லை என்று ஒதுக்கியவை, சேர்ந்துவிடுகிறது. ஒன்பதரை மணிக்கு ரவுண்டு வரும் மேனேஜர் பலகையைத்தான் பார்க்கிறார். மூன்று பேர் வராதது அந்தப் பலகையில் எங்கேயும் எழுதப்படுவதில்லை. எல்லார் முன்னாலும் ஏச்சு விழுகிறது, அதுவும் தெலுங்கில், வேகமாக. அவர் போன பிறகு நீங்கள் லைன் பக்கம் திரும்பி ஆபரேட்டர்களை விரட்ட வேண்டும். நேற்று வரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, லைன் லீடர் வேலை அதுதான்.

இதில் எது உங்களைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் "வேலைப்பளு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வேலைப் பளு மட்டும் என்றால் ஆபரேட்டராக இருந்தபோதும் உங்களுக்கு இருந்தது, கை வலிக்க வலிக்கச் செய்தீர்கள், ஆனால் படுத்தால் தூங்கினீர்கள். இப்போது கூடியிருப்பது பொறுப்பு. அதற்கு ஈடாக அதிகாரம் கூடவில்லை. ஆள் போட முடியாது, டார்கெட்டைக் குறைக்க முடியாது, லைனை நிறுத்த முடியாது, யாருக்கும் லீவு கொடுக்க முடியாது. ஆனால் அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979ல் இதைத்தான் எடுத்துக் காட்டினார். அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, வேலை அதிகமாக இருப்பது மட்டுமே ஆளைக் கெடுக்கவில்லை. வேலையின் நெருக்கடி அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் சுதந்திரம் குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் களைப்பும் மனச்சோர்வும் கூடுதலாகத் தெரிந்தன. நெருக்கடியும் சுதந்திரமும் சேர்ந்தே அதிகமாக இருந்தால் மனிதர்கள் கற்றுக்கொண்டு வளரவும் செய்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பக்கத்தில் தோள் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பது. லைன் லீடர் ஆன நாளில் உங்களுக்கு அந்த மூன்றாவதும் போனது. ஆபரேட்டர்கள் உங்களை மேலிடத்து ஆள் என்று ஒதுக்குகிறார்கள், மேலிடம் உங்களைத் தன் ஆளாக இன்னும் எண்ணவில்லை.

லண்டனில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 1985லிருந்து தொடர்ந்து கவனித்துவரும் வைட்ஹால் ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டியது. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் தலைமையில் நடந்தது. வேலையில் தன் கையில் முடிவு குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் வரும் அபாயம் கூடுதலாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்க்கும் குமாஸ்தாக்களிடம் கண்டது இது. நின்றுகொண்டே எட்டு மணி நேரம் ஓட்டுகிற உங்களுக்கு நெஞ்சு படபடப்பதில் வியப்பு என்ன இருக்கிறது?

இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் யோஹனஸ் சீக்ரிஸ்ட் 1996ல் சொன்னது. நாம் போடும் உழைப்புக்கும் திரும்பி வருவதற்கும் இடையே பள்ளம் பெரிதானால் உடம்பும் மனசும் அடி வாங்கும். திரும்பி வருவது என்றால் பணம் மட்டும் இல்லை, மதிப்பும், வேலை நிலைக்கும் என்ற உறுதியும், மேலே போகும் வழியும் அதில் சேரும். லைன் லீடர் ஆனதற்குச் சம்பளம் எவ்வளவு கூடியது? நான் பார்த்த இடங்களில் ஒரு சின்னத் தொகைதான். அதையும் முன்பு ஓவர்டைம் பார்த்துச் சம்பாதித்ததோடு ஒப்பிட்டால் சிலருக்குக் கைக்கு வருவது குறைந்தே போயிருந்தது. மதிப்பு? எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கும் இடத்தில் அது எங்கே கிடைக்கும்?

"சம்பளத்தைக் கூட்டித் தர்றோம், இருந்துக்கோ" என்று சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை, உழைப்புக்கு உரிய காசை வாங்கியே தீர வேண்டும். ஆனால் அது தூக்கத்தைத் திருப்பித் தராது. ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1950களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 எஞ்சினியர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி எழுதியதை இன்றும் மேலாண்மைப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள். சம்பளம், மேற்பார்வை, வேலையிடத்து வசதி இவையெல்லாம் மோசமாக இருந்தால் மனிதர்கள் வெறுத்துப் போவார்கள், சரியாக இருந்தால் வெறுப்பு நிற்கும், அவ்வளவுதான். வேலையில் நிறைவு வருவது வேறு இடத்திலிருந்து: ஒன்றைச் செய்து முடித்தோம், அதை நாலு பேர் கவனித்தார்கள், புதிதாக ஒன்று கற்றோம் என்பதிலிருந்து. அவர் சொன்னதில் பின்னால் பலர் குறை கண்டார்கள், சம்பளத்தை அப்படித் தனியாகப் பிரிக்க முடியாது என்றார்கள். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கும் குடும்பத்தில் முதல் தேதி வரும் காசும் ஒரு நிறைவுதான், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் உங்கள் விஷயத்தில் அவர் சொன்னது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். ஆபரேட்டராக இருந்தபோது ஒரு போர்டைக் குறையில்லாமல் முடித்து அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளியதில் ஒரு திருப்தி இருந்திருக்கும். இப்போது நாள் முழுக்க ஓடியும் "இதை நான் முடித்தேன்" என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை.

உங்களுக்கு எல்லைப்புறத்துக்கே உரிய சுமை ஒன்றும் இருக்கிறது. வீடு தமிழ்நாட்டில், வேலை ஆந்திராவில். 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தி, திருத்தணியை இந்தப் பக்கமும் சத்தியவேடு பகுதியை அந்தப் பக்கமும் வைத்தார்கள். கோடு போட்டாலும் சொந்தபந்தம் இரண்டு பக்கமும்தான், ரெண்டு பாஷையும் கலந்து பேசுகிற ஊர்கள்தான். ஆனால் தொழிற்சாலை லீவு பட்டியல் கோட்டைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. உகாதிக்கு லீவு உண்டு, சித்திரை ஒன்றுக்குக் கிடையாது. ஆடியில் ஊரே அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிறு அன்று ஷிஃப்ட் போட்டால், எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வர மாட்டார்கள். அன்றைக்கும் டார்கெட் மாறாது, அன்றைக்கும் பதில் சொல்வது லைன் லீடர். மேனேஜரோடு அவர் மொழியில் சரளமாகப் பேச முடியாததால், நியாயத்தைக்கூட எடுத்துச் சொல்ல முடியாமல் தலையாட்டிவிட்டு வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த லைனில் தெலுங்கு நன்றாகப் பேசுகிற தோழி இருந்தால் முதலில் அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். எட்டு மணி நேர வேலை என்று காகிதத்தில் இருக்கும். நாலே முக்காலுக்கு பிக்கப், அதற்காக மூன்றே முக்காலுக்கு எழுந்திருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் ஒப்படைத்து, பஸ் கிளம்பி, வழியில் நாலு ஊரில் ஆள் இறக்கி வீடு சேரும்போது மாலை நாலு. பன்னிரண்டு மணி நேரம் போய்விட்டது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் சொன்னார்கள். நம் நாட்டில் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் என்றால் இரட்டைச் சம்பளம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பியதும் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். பஸ்ஸில் போகும் நேரத்தை எந்தச் சட்டமும் வேலை நேரமாக எண்ணுவதில்லை. உங்கள் உடம்பு எண்ணுகிறது.

தூக்கத்துக்கு வருகிறேன், இதில் நீங்களே சிலதைச் செய்ய முடியும். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறினால் உடம்பின் கடிகாரம் ஓர் இடத்தில் நிற்பதற்குள் மறுபடி மாறிவிடும். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போகும் வரிசை, இரவிலிருந்து மதியத்துக்குப் பின்னோக்கி வருவதைவிடத் தாங்க எளிது. உங்கள் கம்பெனியில் பின்னோக்கிச் சுற்றினால் வரிசையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், செலவில்லாத மாற்றம் இது. நைட் முடிந்து காலையில் வரும்போது வெயில் முகத்தில் பட்டால் தூக்கம் கலைந்துவிடும், துப்பட்டாவால் நெற்றி வரை மறைத்துக்கொண்டு வந்து, சன்னலுக்குக் கனமான போர்வை போட்டுவிட்டுப் படுங்கள். ஷிஃப்டின் பிற்பாதியில் டீ வேண்டாம். டீ காபியில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஒரு விஷயம் கண்டிப்பாக: மெடிக்கலில் போய் "தூக்கம் வரல" என்று கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அந்த வகை மாத்திரைகள் சில வாரத்திலேயே பழக்கமாகி, விடும்போது படபடப்பை இன்னும் கூட்டும்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? பாத்ரூம் போக ரிலீவர் கிடைக்காது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் ஒவ்வொரு லைனிலும் உண்டு. நீர்க்கடுப்பு, தலைவலி, மயக்கம் எல்லாம் அதிலிருந்து வரும். லைன் லீடராக உங்கள் கையில் இருக்கும் கொஞ்ச அதிகாரத்தில், ஆபரேட்டர்களுக்கு முறை வைத்து வெளியே அனுப்புவதை முதலில் செய்யுங்கள். அவர்கள் உங்களை மறுபடி தங்கள் ஆளாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

இனி டாக்டர் விஷயம். எல்லாப் படபடப்பும் மனசிலிருந்து வருவதில்லை. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும், களைப்பு வரும், எரிச்சல் வரும். தைராய்டும் அப்படியே. அதனால் முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்து படபடப்பும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

உங்கள் எழுத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஞாயிறு சாயங்காலம் படபடப்பு என்கிறீர்கள், ஞாயிறு காலையில் எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. லீவு நாளில் அக்கா பிள்ளையோடு விளையாட முடிகிறது, பிடித்த சாப்பாடு ருசிக்கிறது, வேலையை நினைத்தால் மட்டும் வயிறு கலங்குகிறது என்றால், அது பெரும்பாலும் வேலையால் வந்த எரிந்துபோன நிலை, ஆங்கிலத்தில் பர்ன் அவுட் என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் ஐசிடி 11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் அதை நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலையிட அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் குறித்திருக்கிறது. களைத்துப் போவது, வேலைமேல் வெறுப்பும் ஒட்டாத்தன்மையும் வருவது, "என்னால் எதுவும் உருப்படியா செய்ய முடியல" என்று தோன்றுவது, இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். மாறாக, எந்த நாளும் எதிலும் ஆசை இல்லை, இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனசு கனத்தே கிடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வேலையை மாற்றினால் மட்டும் அது போகாது, சிகிச்சை வேண்டும். பேச்சு வழிச் சிகிச்சை உண்டு, மாத்திரை உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

செத்துப் போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் இதற்கு மேல் படிப்பதை நிறுத்திவிட்டு 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கம்பெனிக்குத் தெரியுமா என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் வெளியே ஒரு மருத்துவமனையில் ஓபி சீட்டு போட்டுப் பார்ப்பதை யாரும் கம்பெனிக்குத் தெரிவிப்பதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. மருத்துவர் அதை வெளியே சொல்லக் கூடாது, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகள் மட்டும் விலக்கு. ஆனால் கம்பெனிக்குள் இருக்கும் மருத்துவ அறையில் நர்ஸிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் ஹெச்.ஆர். காதுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். போகக் கூடாதுதான், ஆனாலும் போகிறது. தலைவலி மாத்திரைக்கு அங்கே போங்கள், இதற்கு வெளியே போங்கள்.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, உங்களுக்கு இருக்க வேண்டும். சம்பளம் மாதம் 21,000 ரூபாய் வரை என்றால் பிடித்தம் 0.75 சதவீதம், கம்பெனி போடுவது 3.25 சதவீதம். சம்பளச் சீட்டில் பாருங்கள். இது மத்திய அரசுத் திட்டம், வேலை ஆந்திராவில் இருந்தாலும் வீட்டுக்குப் பக்கத்து மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இது தெரியாமல் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கத்து மருந்தகத்துக்கு அலைகிற பிள்ளைகள் நிறைய. டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது வேலை பார்த்திருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. மனசு சரியில்லை என்பதற்கும் அது உண்டு, காலில் அடிபட்டால் மட்டும் இல்லை. இ.எஸ்.ஐ. வேண்டாம் என்றால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சென்னை ஸ்டான்லியிலும், கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்றதும் வீட்டில் அரண்டு போவார்கள் என்று தெரியும். ஸ்டான்லி என்று சொல்லிவிட்டுப் போங்கள், தப்பில்லை.

கம்பெனிகள் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனநல நாள் என்று ஒரு நாள் யோகா வகுப்பு, ஒரு பேச்சாளர், சுவரில் ஒரு போஸ்டர். யோகா நல்லதுதான். ஆனால் வராத மூன்று பேரின் இடத்தை அது நிரப்பாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலே, வேலையின் அமைப்பை மாற்றுவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் வலியுறுத்துகிறது. தொழிலாளி சத்தம் போடும் வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பார்த்தோம். விடுதிச் சாப்பாட்டில் பெண் தொழிலாளர்கள் கூட்டமாக நோயுற்றபோது, ஆயிரக்கணக்கில் வந்து சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு நாள் சாப்பாட்டுக்காக அத்தனை பேர் ரோட்டுக்கு வரவில்லை, அதற்கு முன்னால் எத்தனையோ நாள் சொல்லியும் யாரும் கேட்காத கோபம் அது.

நான் இருந்த ஒரு தொழிற்சாலையில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய முடிந்தது, அதைச் சொல்கிறேன், நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். மணிப் பலகையில் டார்கெட், வந்தது என்ற இரண்டு கட்டத்துக்கு நடுவில் "இன்று ஆள்" என்று ஒரு கட்டம் போட வைத்தோம். 30 பேர் வேண்டிய லைனில் 27 என்று எழுதியிருந்தால், ரவுண்டு வருபவர் கண்ணில் முதலில் அதுதான் படும். ஷிஃப்ட் தொடக்கத்தில் ஐந்து நிமிஷக் கூட்டத்தில், இருக்கும் ஆளுக்கு ஏற்ற எண்ணிக்கையை லைன் லீடரே சொல்லலாம், சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். உற்பத்திப் பிரிவு முதலில் சண்டைக்கு வந்தது. கொஞ்ச நாளில் ஏச்சு குறைந்தது, காரணம் ஏசுகிறவருக்கும் காரணம் கண்ணெதிரே தெரிந்தது. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலைகளில் தப்பு நடந்தால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ எச்சரிக்கை விளக்கைப் போட்டு லைனை நிறுத்தலாம் என்ற முறை வெகு காலமாக இருக்கிறது. இங்கே அந்த விளக்கையும் பொத்தானையும் வாங்கி மாட்டிவிட்டார்கள், அழுத்தினால் திட்டு விழுகிறது. அழுத்தும் உரிமையும் சேர்ந்து வந்தால்தான் அதற்குப் பயன்.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "எனக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்" என்று போய் நின்றால் "எல்லாருக்கும்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு சின்ன நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: தேதி, வர வேண்டியவர்கள், வந்தவர்கள், டார்கெட், வந்த எண்ணிக்கை, மெஷின் நின்ற நேரம். அதோடு போய், ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். லைனுக்கு ஒரு ரிலீவர், அல்லது ஆள் குறைந்தால் டார்கெட் குறைய வேண்டும். இரண்டில் எது உங்களை அதிகம் வருத்துகிறதோ அது. முடிந்தால் பக்கத்து லைன் லீடர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு போங்கள், தனியாகப் போனால் குறை, மூன்று பேராகப் போனால் பிரச்சினை. எல்லார் முன்னாலும் ஏசுவதைத் தனியாகச் சொல்லுங்கள், "தப்பு இருந்தா ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்லுங்க சார், லைன் முன்னால வேண்டாம், அப்புறம் பிள்ளைங்க என் பேச்சைக் கேக்க மாட்டாங்க" என்று. அவருடைய உற்பத்திக்கே அது நல்லது என்பதால் காதில் ஏறும் வாய்ப்பு அதிகம். ஏச்சு கெட்ட வார்த்தையாகவோ, பெண் என்பதைக் குறிவைத்தோ போனால் இந்த வழி வேண்டாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், எழுத்தில் புகார் கொடுங்கள்.

மறுபடி ஆபரேட்டராகவே போக முடியுமா என்றும் கேட்கலாம். பலர் இதை அவமானமாக நினைத்து நேராக ராஜினாமாவுக்குப் போகிறார்கள். தர ஆய்வுப் பிரிவு, பயிற்சிப் பிரிவு, ஸ்டோர் என்று பக்கவாட்டில் போகும் வழியும் உண்டு. நாலு வருஷ அனுபவமும் டிப்ளமோவும் இருக்கிற உங்களுக்குப் பயிற்சிப் பிரிவு நன்றாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல்தான் எல்லாக் கம்பெனியும் தவிக்கிறது.

வேலையை விடுவதா? விடலாம். அது தோல்வி ஆகாது. ஆனால் இன்றைக்கு, இந்தத் தூக்கம் கெட்ட நிலையில் அந்த முடிவை எடுக்க வேண்டாம். முதலில் டாக்டர், கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு நோட்டோடு ஒருமுறை கேட்டுப் பார்ப்பது. இரண்டு மாதம் கழித்தும் எதுவும் மாறவில்லை என்றால் கிளம்புங்கள். உடம்பு அதற்குள் மோசமானால் இரண்டு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். கணக்கு ஒன்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: தொடர்ந்து ஐந்து வருஷம் முடித்தால் பணிக்கொடை கிடைக்கும், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம். உங்களுக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது சில மாதம்தான் என்றால், வேறு பிரிவுக்கு மாறி அதை முடிப்பது லாபம், முழு ஒரு வருஷம் என்றால் அதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கான்ட்ராக்டில் சேர்ந்து பிறகு நிரந்தரம் ஆகியிருந்தால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிளம்பும்போது நோட்டீஸ் காலத்தை முடித்து, ரிலீவிங் லெட்டரும் கடைசி மாதச் சம்பளச் சீட்டும் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் அதே யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பஸ் பாஸையும் ஐ.டி. கார்டையும் ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடைசிக் கணக்கில் அதற்கும் பிடிப்பார்கள்.